யானை வருகிறதென்று ஒரு பொய்

குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியின் கணினிப் பாதுகாப்பு என் வேலை. கைபேசிக்கு வரும் போலிச் செய்திகளிலுள்ள இணைப்பைத் தொட்டு ஊழியர்கள் ஏமாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு என் மேலதிகாரி ஒரு சோதனை வைத்தார். நாங்களே ஒரு போலிச் செய்தி அனுப்பி, யார் தொடுகிறார்கள் என்று பார்ப்பது. கம்பெனி வழியாகப் போகும் எந்தச் செய்தியை யார் தொட்டாலும், தொடாவிட்டாலும் எங்கள் கணினியில் பதிவாகிவிடும். "பாதையில் யானை. எங்கே நிற்கிறது என்று பார்க்க இங்கே தொடவும்" என்று அவரே எழுதினார்.

"இதுக்கு விழாத ஆளே இருக்காதுங்க" என்று சிரித்தார். எனக்குப் பிடிக்கவில்லை. பரிசு விழுந்ததாக எழுதி ஆசையைச் சோதிக்கலாம். அக்கறையைச் சோதிப்பது ஈனத்தனம். ஒருவர் செய்தது சரியா தப்பா என்று சொல்லுமுன் அவர் யாரைப் பார்த்துக்கொள்கிறார் என்று கேட்பதும் ஓர் அறம்தான், அது நம் வேலைக்கும் வேண்டும் என்றேன்.

"தத்துவத்தையெல்லாம் ஊட்டுல வெச்சுக்கோங்க."

முதலில் தொட்டவர் கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் பிள்ளைக் காம்பராவின் ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். மாலையில் அவர்களைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு நடத்திக் கூட்டிப்போவதும் அவர்தான். அவரையும் வரவழைத்திருந்த கூட்டத்தில் அவர் படத்தைத் திரையில் போட்டு, கீழே 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார்கள். கவனக்குறைவாம்! அந்த அறையில் கவனம் இருந்த ஒரே ஆள் அவர்தான். படித்தவர்கள் பல்லைக் காட்டினார்கள்.

"யானைன்னு போட்டிருந்திச்சு சார். புள்ளைகள வச்சுக்கிட்டு பாக்காம இருப்பேனா?" என்றார் என்னிடம். இன்னொரு முறை தொட்டால் வேலை போய்விடும் என்று அவரை மிரட்டி அனுப்பினார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அதே மாதிரி ஒரு செய்தி வந்தது. இந்த முறை யானை நடமாட்டத்தைப் பார்க்கும் எஸ்டேட் காவல்காரர் கம்பெனி வழியாக அனுப்பிய நிஜச் செய்தி. மறுபடியும் சோதனை என்று நினைத்து ஆயா அதைத் தொடவில்லை. வழக்கம்போலக் குழந்தைகளோடு பாதையில் இறங்கிவிட்டார். வளைவுக்கு அந்தப் பக்கம் யானை நின்றது. எதிரே வந்த டிராக்டர் டிரைவர் கத்தியதால் தப்பித்தார்கள். குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடியதில் அவர் முழங்கால் கிழிந்துபோயிருந்தது.

"இனிமே எது நெசம், எது பொய்யின்னு நான் எப்புடி சார் பாக்குறது?" என்று போனில் அழுதார்.

நடந்ததை மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் கணினியைத் திருப்பி, செய்தியைத் தொடாதவர்களில் ஆயாவின் பெயரைக் காட்டினார்.

"பாத்தீங்களா, அந்தம்மா தேறிட்டாங்க."