அம்மா அறையில் விழுந்த ட்ரிப்பர்

அம்மாவுக்குக் காற்றுப் படுக்கை வந்த பிறகு எங்கள் வீட்டுப் பகல்களின் ஓசை மாறிப்போனது. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சின்னப் பெட்டி ஒன்று நாள் முழுவதும் மெல்ல முனகிக்கொண்டிருக்கும். படுக்கையில் குறுக்காகக் கிடக்கும் ரப்பர் குழாய்களில் ஒன்று விட்டு ஒன்றில் காற்று ஏறும். சற்று நேரத்தில் அவை தளர, மற்றவை எழும். அம்மா அசைவதில்லை. அவளுக்குக் கீழே படுக்கைதான் அசைந்துகொண்டிருந்தது. திரையைப் போட்டுவிட்டு மதியங்களில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், மூச்சு விடுவது அவளா அந்தப் படுக்கையா என்று எனக்குக் குழம்பும்.

"ஆத்துல மல்லாந்து மெதக்கற மாரி கீதுடி. கரை எந்தப் பக்கம்னுதான் தெர்ல" என்பாள்.

பக்கவாதம் வந்து படுத்த மூன்றாவது மாதம் அவள் முதுகின் கீழே புண் கண்டது. வாரம் ஒரு முறை வில்லியனூரிலிருந்து வரும் நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "படுக்கை ஏறி எறங்கிகினே இருக்கணும். நின்னுப்போயி அவுங்க ஒரே எடத்துல அழுந்திகினு கெடந்தா, புண்ணு எலும்பத் தொட்டுடும். அதுக்கப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் படுக்கையின் காவலுக்கு உட்கார்ந்தேன்.

படுக்கையோடு ஒரு ட்ரிப்பரும் வந்தது. மின்சாரம் எங்காவது கசிந்தால் தானே கீழே விழுந்து இணைப்பைத் துண்டித்துவிடும் சாதனம். இரும்புக் கட்டிலும் ஈரத் துணியும் இருக்கிற அறைக்கு அது இல்லாமல் கூடாது என்று, மதகடிப்பட்டிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் அம்மாவின் அறைக்கு மட்டும் தனியாக ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். பத்து நாள் ஒழுங்காக இருந்தது. பிறகு ஒரு மதியம் டக்கென்று ஒரு சத்தம். முனகல் நின்றது. நான் அடுப்படியிலிருந்து வந்து பார்க்கும்போது மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது.

ட்ரிப்பரைத் தூக்கிவிட்டேன், நிற்கவில்லை. மறுபடி தூக்கினேன், மறுபடி விழுந்தது. ஒரு மணி நேரம் கழித்து, எதுவும் நடக்காததுபோல் நின்றுகொண்டது. அதற்குள் படுக்கை காற்றெல்லாம் போய்ப் பாய்போல ஆகியிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். காற்று முழுக்க இறங்க இருபத்திரண்டு நிமிடம் ஆனது.

அன்றிலிருந்து குறிக்கத் தொடங்கினேன். எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. அதன் பின்பக்கத்தில் கோடு போட்டு, கிழமை, விழுந்த நேரம், திரும்ப நின்ற நேரம், அப்போது அறையில் ஓடிக்கொண்டிருந்தவை என்று நான்கு பத்திகள். அறையிலிருந்த மின்பொருள்களைப் பட்டியலிட்டேன்: படுக்கையின் மோட்டார், மின்விசிறி, டியூப்லைட், செல்போன் சார்ஜர், கஞ்சி சுடவைக்கும் கெட்டில். ஐந்து. ஒவ்வொன்றாக நிறுத்திவைத்துப் பார்த்தேன். கெட்டிலை அடுப்படிக்கு மாற்றினேன். ஒரு வாரம் விசிறிகூட இல்லை. பனையோலை விசிறியால் வீசினேன். எதை எடுத்தாலும், எதை வைத்தாலும், அது தன் இஷ்டத்துக்கு விழுந்தது.

"எழுது எழுது. கவுர்னருக்கு அனுப்பப் போற" என்றாள் அம்மா.

எலக்ட்ரீஷியன் மறுபடியும் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், எப்போதும் காதில் ஒரு பென்சில். வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்தவர், நான் காட்டிய பட்டியலைப் பொறுமையாகப் படித்தார். கட்டிலருகே இருந்த ப்ளக் பாயின்ட்டைக் கழற்றிப் புதிதாக மாட்டினார். எல்லாவற்றையும் டெஸ்டரால் தொட்டுப் பார்த்தார். கடைசியில் டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அந்தச் சுவரில் திரு இருதய ஆண்டவர் படம் இருக்கிறது. படத்தின் கீழே ஒரு மரப் பலகை. பலகையில் ஒரு சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் தம்பி பிரான்சுக்குப் போன அன்று அம்மா ஏற்றியது. அவன் திரும்பி வந்து அதன் முன்னால் நிற்கும்வரை அணைப்பதில்லை என்று நேர்ந்துகொண்டாள். மறதியாகக்கூட யாரும் அணைத்துவிடக் கூடாது என்று, அப்போது உயிரோடிருந்த அப்பாவை அதற்குச் சுவிட்சே வைக்க விடவில்லை. ஒயர் நேராகச் சுவிட்ச் பெட்டிக்குள் போய்விடும். தம்பிக்கு அங்கே இன்னும் பேப்பர் சரியாகவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. அதனால் வரவும் முடியவில்லை. திரையை மூடினால் அறை முழுவதும் அந்தச் சிவப்பு, பாதிக் கனவுபோலப் பரவி நிற்கும். அம்மாவின் வெள்ளைச் சேலை ரோஜா நிறமாகும்.

"இது ஒண்ணுதான் பாக்கி" என்றேன், ஏதோ சொல்ல வேண்டும் என்று.

"சாமி வெளக்குக்கா. அது இன்னா பண்ணும், பாவம்" என்றார் அவர்.

நானும் தலையாட்டினேன். ஐந்து பொருள்களை எழுதியவளுக்கு ஆறாவது அங்கே எரிந்துகொண்டிருந்தது தெரியாமல் இல்லை. அது மின்சாரத்தில் எரிகிற பொருள் என்பதுதான் தோன்றவில்லை. அதைக் கும்பிட்டோம், அதற்குப் பூப் போட்டோம். பட்டியலில் அதற்கு இடமில்லை.

புண் பெரிதாகிக்கொண்டிருந்தது. மருந்து வைக்கும் பஞ்சின் அளவை வைத்து எனக்கு அது தெரியும்.

ட்ரிப்பர் விழும்போதெல்லாம் நான் அம்மாவை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்வேன். அவள் முகம் சுவரைப் பார்த்திருக்கும். அந்த நேரங்களில் அவள் பேச்சு ஒரு சீராக இருக்காது. நாற்று நட்ட வயல் ஒன்றில் தண்ணீர் நிற்கிறது என்பாள். அதில் யாரோ நடந்து வருகிறார்கள், காலில் ஷூ போட்டுக்கொண்டு யாராவது சேற்றில் இறங்குவார்களா என்று சிரிப்பாள். நான் ஆமாம் ஆமாம் என்பேன். வெளியே கரும்புத் தோகைகள் உரசும் சத்தம் மழைபோலக் கேட்கும். எழுந்து பார்த்தால் வெயில் காயும்.

இடையில் அம்மாவுக்கு ஒரு புதுப் பிடிவாதம் வந்தது. பூ வேண்டாம் என்றாள். செவ்வாயும் வெள்ளியும் மொபெட்டில் வரும் பூக்காரியிடம் படத்துக்கு ஒரு முழம் வாங்குவது வீட்டு வழக்கம். "வேணாம்டி, தெண்டம். ஆண்டவரு பூவா கேட்டாரு?" என்றாள். தம்பி வருவான் என்ற நம்பிக்கையை இவள் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அவளுக்காக நானாவது நம்ப வேண்டும் என்று அந்த வெள்ளிக்கிழமை இரண்டு முழமாக வாங்கினேன். வாடாமல் இருக்கட்டும் என்று வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் தெளித்தேன். தெளிப்பது என் பழக்கம். அம்மா எழுந்து நடமாடிய காலத்தில் பூவை உலர்ந்தபடியேதான் மாட்டுவாள்.

மாட்டிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினேன். மேலே ஏதோ மின்னியது. மல்லிகைச் சரத்தின் முனையில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. அதற்குள் பல்பின் சிவப்பு முழுவதும் அடங்கியிருந்தது. ஒரு மாதுளை முத்துபோல. அது நீண்டது, தயங்கியது, விழுந்து பல்பு ஹோல்டரின் மேல் பட்டது. பல்பு ஒரு தடவை நடுங்கியது. இன்னொரு சொட்டு. டக்.

அறை சாம்பல் நிறமானது. திரும்பினேன். அம்மா கண்ணிமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துட்டியா" என்றாள்.

நாட்குறிப்பை எடுத்துக் கிழமைப் பத்தியை மேலிருந்து கீழாகப் படித்தேன். வெள்ளி, வெள்ளி, செவ்வாய், வெள்ளி, மழை பெய்த ஒரு புதன், செவ்வாய். இரண்டு மாதமாக என் கையெழுத்திலேயே இருந்திருக்கிறது.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"படுத்துக் கெடக்கறவளுக்கு வேற இன்னா வேலை? பாக்கறதுதான்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா அத்த அறுத்துடுவீங்க. நீயும் அந்தப் பென்சிலுக்காரனும்."

"முதுகு அழுகுதும்மா."

"என் முதுகுதான? உன்னுதா கேட்டேன்?" கண்ணைப் படத்தின் பக்கம் திருப்பி, "பூவாச்சும் வேணாம்னு சொன்னேன். நீ ரெண்டு முழமா வாங்கியாந்த" என்றாள்.

ஸ்டூலில் ஏறிப் பூவைக் கழற்றினேன். அம்மாவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து, பலகையில் இருந்த ஹோல்டரை உற்றுப் பார்த்தார். கையை வைக்கவில்லை. ஒயரின் உறை வெயிலில் காய்ந்த மிளகாய்த் தோலைப்போல நொறுங்கி, உள்ளே செம்பு தெரிந்தது. பூவை நிறுத்தினால் மட்டும் போதாது, மழைக்காலச் சுவர் ஈரமே போதும் விழுவதற்கு என்றார். "இத்தினி வருசமா லீக் ஆயிகினுதான் இருந்திருக்கும். ட்ரிப்பரு மாட்டினதாலதான் சொல்லுது. ரூமுல இரும்புக் கட்டிலு வேற. இத்த மாத்தாம நான் போ மாட்டேன்க்கா. பத்தே நிமிசம் வேலை."

"பத்து நிமிசம் எரியாதா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"எரியாது பெரிம்மா."

"அப்ப வேணாம்."

பக்கத்தில் புது விளக்கு ஒன்றை ஏற்றிவிட்டு இதை எடுக்கலாமே, ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் கோயிலில் ஒரு மெழுகுவத்தியிலிருந்து இன்னொன்றுக்குச் சுடர் போவதில்லையா என்றேன் நான். அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அது நெருப்புடி. ஒண்ணுலேர்ந்து ஒண்ணு பொறக்கும். இது கரன்ட்டு. இதுக்கும் அதுக்கும் இன்னா ஒறவு?"

"கரன்ட்டு போறப்ப மட்டும் அணையுதே, அப்ப நேர்ச்சை எங்க போவுது?" எனக்குக் கோபம் வந்திருந்தது.

"அத்த நானா அணைக்கிறேன்? நீயா? அது கெவர்மென்ட்டு."

எலக்ட்ரீஷியன் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார். அவர் முகத்தில் சிரிப்பு மெதுவாகப் பரவியது. "அப்ப கெவர்மென்டயே அணைக்கச் சொல்லுவோம் பெரிம்மா. வர்ற வியாழக்கெழம மெயின்டனன்ஸு. பத்து மணிலேர்ந்து ரெண்டு மணி வரிக்கும் ஏரியா ஃபுல்லா கட்டு. நான் அப்ப வந்து மாத்திட்டுப் போறேன்."

அம்மா நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீர்ப்பு எழுதுகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது. "வா" என்றாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மின்சாரம் போனது. சிவப்பு போனது. போர்செட் மோட்டார்கள் நின்ற ஊர், காதில் தண்ணீர் புகுந்ததுபோல அடங்கிப்போனது. எலக்ட்ரீஷியன் மெயினை இறக்கப் போனார்.

"இரு. அத்த எறக்கினா நீ அணைச்சதா ஆவாது?" என்றாள் அம்மா.

"எரியாத வெளக்க எப்டி பெரிம்மா அணைக்கிறது?"

யோசித்தாள். "செரி. கரன்ட்டு வர்றதுக்குள்ள ஏத்திடு. சுவிட்சு வெக்காத."

"வெக்கல."

படுக்கை இறங்கத் தொடங்கியிருந்தது. நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவளை இடப்பக்கமாகச் சாய்த்து என் மடியிலும் தோளிலும் தாங்கிக்கொண்டேன். புண் எதிலும் படாமல் நின்றது. அவர் பழைய ஒயரை உரித்தெடுத்தார். ஹோல்டரைப் படத்துக்குப் பக்கவாட்டில், பூ தொங்கினாலும் சொட்டு விழாத இடத்தில் தள்ளி வைத்தார். துருப்பிடித்த பழைய ஹோல்டரைக் குப்பையில் போட மனமில்லாமல் பலகை ஓரத்திலேயே வைத்தார். பத்து நிமிடம் என்றவர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். மெயினை ஏற்றி, ட்ரிப்பரை ஏற்றி, இரண்டையும் அம்மாவுக்குக் காட்டிவிட்டுக் கிளம்பினார்.

பிறகு காத்திருப்பதுதான். விசிறி இல்லை, முனகல் இல்லை. திரை மட்டும் உப்பி உப்பி அடங்கியது. அம்மாவின் தலை என் கழுத்தருகே கனத்தது. தேங்காயெண்ணெயும் மருந்தும் கலந்த வாசனை. ஷூ போட்டவன் வரப்பில் ஏறிவிட்டான் என்றாள். கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைக்கச் சொன்னாள். வைக்கிறேன் என்றேன். என் கை மரத்துப்போயிருந்தது. அவள் எங்கே முடிகிறாள், நான் எங்கே தொடங்குகிறேன் என்று தெரியவில்லை. அந்த வயலில் தண்ணீர் கணுக்கால்வரை குளிர்ந்திருந்தது. நானும் அதில் நின்றிருக்க வேண்டும்.

கண் விழித்தபோது எங்கள் மேல் சிவப்பு விழுந்திருந்தது. படுக்கை எங்கள் இருவரையும் சுமந்துகொண்டு மெல்ல எழுந்தது, தாழ்ந்தது.

"யாரு போட்டது?" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

"யாரும் போடல. வந்துடுச்சி."

"எப்ப?"

"தெர்லமா. தூங்கிட்டேன்."

"செரி" என்றாள்.

மெதுவாக அவளை என் தோளிலிருந்து இறக்கிப் படுக்கையில் விட்டேன். சேலையை விலக்கிப் புண்ணைப் பார்த்தேன். வழக்கமாகக் கசியும் ஓரங்கள் அன்று ஈரமில்லாமல் இருந்தன. பஞ்சை எடுத்து வந்தேன்.