படத்துக்குக் கீழே என் பெயர்

அப்போது ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் புகைப்படம் எடுப்பவர்களுக்காக ஒரு குழு நடத்திக்கொண்டிருந்தேன். அடுத்தவர் படத்தைத் திருடாதீர்கள், உங்கள் படங்களை யாரும் கேட்காமலே பயன்படுத்தும்படி திறந்த உரிமத்தில் எல்லோருக்கும் கொடுங்கள் என்று தினமும் எழுதுவேன். என் படங்களையும் அப்படியே கொடுத்தேன். ஒரே நிபந்தனை, படத்துக்குக் கீழே என் பெயர் இருக்க வேண்டும்.

அதில் ஒன்று, லாஸ்பேட்டையில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலையக்காவின் படம். கூடையை இறக்கிவிட்டுக் களைத்து உட்கார்ந்திருந்தவரை, அவருக்குத் தெரியாமல் மாடியிலிருந்து எடுத்தது.

சில மாதம் கழித்து பஸ் ஸ்டாப்பில் ஒரு போஸ்டரைப் பார்த்தேன். அக்காவின் முகம். மேலே ‘காசநோயா? உடனே சிகிச்சை பெறுங்கள்.’ கீழே என் பெயர். என் நிபந்தனையை யாரோ ஒழுங்காகவே மதித்திருந்தார்கள்.

அன்றிலிருந்து தெருவில் “மீனு” என்று குரல் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஒரு நாள் காலை அவரே கதவைத் தட்டினார். கையில் கிழித்தெடுத்த போஸ்டர்.

“எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. எனக்கு ஏதோ சீக்குன்னு யாரும் எங்கிட்ட மீன் வாங்க மாட்டேங்குறாங்க. இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு.”

அவருக்கு என்மேல் சந்தேகமே இல்லை. மேலே இருந்ததைப் படித்தேன்.

“கீழ பொடிசா என்னமோ இருக்கே?”

“அது அச்சடிச்சவங்க பேரு, அக்கா.”

நம்பிப் போனார். பிறகு எங்கள் தெருவுக்கு அவர் வரவே இல்லை. படத்தைக் குழுவிலிருந்து அன்றே நீக்கினேன். ஆனால் திறந்த உரிமத்தில் கொடுத்தது கொடுத்ததுதான், திரும்ப வாங்க முடியாது.

ஊரையெல்லாம் போடச் சொன்ன என் பெயரை, அவரிடம் மட்டும் நான் சொல்லவில்லை.