வானம் வெளுத்துப்போன போட்டோ

ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு போயா லீவு நாள், பௌர்ணமிக்கு விடுற லீவு. ஹுன்னஸ்கிரியவுக்குப் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு, சூரியன் மறையிறதைப் போட்டோ எடுக்கணும்னு கமராவைத் தூக்கிக்கிட்டுப் போயிருந்தேன்.

நான் கண்டி டவுன்ல ஒரு பார்மசியில வேலை செய்றேன். நாள் பூரா மருந்துச் சீட்டையும் இருமலையும் பார்த்து அலுத்துப்போய், நாற்பது வயசுக்கு மேல பிடிச்சுக்கிட்ட பைத்தியம் இது. செகண்ட் ஹேண்ட் கமரா, ரெண்டு லென்ஸ். வீட்டுக்காரர்தான் பைக்குல கூட்டிப் போவார். வழியெல்லாம் ஒரே கிண்டல். "அம்பிட்டியவுல நம்ம ஜன்னல்ல தெரியிறதும் இதே சூரியன்தானே?" என்பார். அவருக்கு என்ன தெரியும், விடுங்க.

சூரியனை எடுக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. அகலமான லென்ஸ் போட்டா மலை, பள்ளத்தாக்கு, மேகம் எல்லாம் வரும். ஆனா அது மட்டும் போதாது. லென்ஸுக்குள்ள வெளிச்சம் வர்ற ஓட்டைக்கு அப்பர்ச்சர்னு பேரு. அதைப் பெருசாத் திறந்து வச்சா வானம் வெளுத்துப்போய் சூரியன் இருந்த இடமே தெரியாது. எஃப் பதினொண்ணு, பதினாறுன்னு சுருக்கினாத்தான் அந்தச் சிவப்பு நிக்கும். முன்னால நிக்கிற ஆளுங்க கறுப்பு நிழலாயிடுவாங்க. அதுதான் அழகுன்னு எங்க போட்டோ குரூப்புல எல்லாரும் சொல்வாங்க. நானும் பெரிய இவ மாதிரி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

நல்லா தெரியிற இடம் லயத்துக்குப் பின்னாலதான் இருந்துச்சு. வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுங்க, அதுக்கு அங்கிட்டு சரிவு, சரிவுக்கு மேல வானம். கொடியில துணி காய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு. பக்கத்துல ஒரு பொண்ணு, முப்பது வயசு கூட இருக்காது. பூப்போட்ட நைட்டி, தோள்ல துவாய். அவளோட மூணு வயசுப் பொம்பளப் புள்ள தள்ளி வாசப்படியில உக்காந்திருந்துச்சு.

கமரா வேலை செய்யுதான்னு பார்க்க, பையிலிருந்து எடுத்ததும் சும்மா ஒரு தடவை அமுக்கினேன். முந்தின நாள் வீட்டுக்குள்ள தங்கச்சி குழந்தையை எடுத்த லென்ஸ், அதே செட்டிங், ஓட்டை முழுசாத் திறந்தபடி. சத்தம் கேட்டு அந்தப் பொண்ணு திரும்பினா. "ஐயோ அக்கா, இருங்க, துணியெல்லாம் போட்டோவுல விழுதே, எடுத்துடுறேன்!"னு ஒரு சிரிப்பு. அந்த நேரம் பார்த்து இன்னொண்ணும் அமுக்கிட்டேன். ஸ்கிரீன்ல பார்த்தா வானம் துவைச்ச வேட்டி மாதிரி வெள்ளையா இருக்கு. சூரியனும் இல்ல, மலையும் இல்ல. சீ, கெட்டுப்போச்சுன்னு லென்ஸை மாத்தி, ஓட்டையைச் சுருக்கினேன்.

அப்புறம் அவளையும் புள்ளையையும் சரிவோரத்துல நிக்க வச்சு எடுத்தேன். வானம் பழுத்துப்போய் எரியுது, நடுவுல அம்மாவும் புள்ளையும் கறுப்பா. நான் எடுத்ததுலயே அதுதான் நல்ல படம். ஆசை ஆசையா அவகிட்ட காட்டினேன்.

"என்னக்கா இது, அடுப்புக்கரி மாதிரி நிக்கிறேன்? மூஞ்சியவே காணோமே!"

இதுதாம்மா கலை, அப்படி இப்படின்னு நான் விளக்கம் சொன்னேன். அவ ஒத்துக்கவே இல்ல. "மூஞ்சி இல்லாம என்னக்கா போட்டோ?" எங்க வீட்டுக்காரர் அவ பக்கம் சேர்ந்துக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். இஞ்சி போட்ட பிளேன் டீ குடுத்தா. எந்த பார்மசின்னு விசாரிச்சு வச்சுக்கிட்டா. படத்தை அவ போனுக்கு அனுப்பினேன். 'சூரியன் நல்லா இருக்கு அக்கா, என்னையத்தான் காணோம்'னு பதில் வந்துச்சு.

அதுக்கப்புறம் ஒரு மழைக்காலம். எங்க பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. விடாம பேஞ்சுச்சு. ரோடு இல்ல, கரண்ட் இல்ல. அந்தத் தோட்டத்துல மலை சரிஞ்சு லயம் ஒண்ணு மண்ணுக்குள்ள போயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். எந்த லயம்னு தெரியல. அந்தப் பொண்ணுக்கு ரெண்டு தடவை கோல் எடுத்துப் பார்த்தேன், போன் வேலை செய்யல. அங்க யாருக்குமே சிக்னல் இல்லைன்னாங்க. அப்படியே மனசைத் தேத்திக்கிட்டேன்.

மழை விட்டு ஒரு மாசம் இருக்கும். தோள்ல ஒரு புள்ளையைச் சாத்திக்கிட்டு ஒருத்தர் கவுண்டருக்கு வந்தார். மருந்துச் சீட்டு நீட்டுவார்னு பார்த்தா ஒரு போட்டோவை நீட்டினார். என் சூரியன்! "ஐயோ, இது நான் எடுத்ததாச்சே!"ன்னு சந்தோஷமாக் கத்திட்டேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் கையில வாங்கின போட்டோவை மெதுவாக் கவுண்டர்ல வச்சேன்.

அந்தப் பொண்ணோட புருஷன். புள்ளைக்குக் காய்ச்சல்னு டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போயிருக்கார். அவ வீட்டுல இருந்திருக்கா. அவ்வளவுதான். திரும்பி வரும்போது வீடு இருந்த இடத்துல மண்.

"எங்கிட்ட பட்டன் போன்தாங்கக்கா. போட்டோ எல்லாம் அவ போன்லதான். ஐடென்டிட்டி கார்டு, ஆல்பம் எல்லாம் உள்ள போயிருச்சு. இது அவ தங்கச்சிக்கு அனுப்பி வச்சிருந்தது, அதைத்தான் பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வந்தேன்." கல்யாணப் போட்டோ ஒண்ணு சொந்தக்காரங்க வீட்டுல கிடைச்சிருக்கு. மேக்கப் போட்டு, நகை போட்டு, குனிஞ்ச தலை. "புள்ள அதைப் பார்த்துட்டு இது அம்மா இல்லைங்குது. இதுல கொஞ்சம் வெளிச்சம் ஏத்தி மூஞ்சிய வர வைக்க முடியுமாக்கா? சின்னப்புள்ள, மறந்துரும்."

முடியும்னு சொல்லி அனுப்பினேன். வேற என்னத்தைச் சொல்ல?

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல அந்தக் கறுப்பை ஏத்தி ஏத்திப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக் குருணை மாதிரிதான் வந்துச்சு. மூக்கு எது, வாய் எதுன்னு தெரியல. "மூஞ்சி இல்லாம என்னக்கா போட்டோ"ன்னு அவ கேட்டது காதுலயே நின்னுச்சு. அழுதுட்டேன். வீட்டுக்காரர்தான் சொன்னார், "நீ மொதல்ல ஏதோ கெட்டுப்போச்சுன்னு திட்டினியே, அது இருக்கா பாரு."

இருந்துச்சு. அழிக்கச் சோம்பல்பட்டு விட்டு வச்சிருந்தேன். வானம் இல்ல, மலை இல்ல. எல்லாம் வெள்ளை. முன்னால அவ மட்டும். கொடியில ஒரு கை, எண்ணெய் வச்ச தலை, நெத்தியில கலைஞ்ச பொட்டு, ஏதோ சொல்ல வாய் திறந்த சிரிப்பு. அவ்வளவு தெளிவு.

மறுநாள் அவரைப் புள்ளையோட வரச் சொல்லி, பக்கத்துல இருக்கிற ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனேன். மாலை போடுற போட்டோன்னா ஸ்டூடியோக்காரங்க நைட்டியை எடுத்துட்டு சேலை மாத்தி, பின்னால நீலம் போட்டுத் தருவாங்க. அப்படிச் செய்யவான்னு கேட்டாங்க. அவர் தலையை ஆட்டினார். "வேணாங்க. புள்ளைக்கு இந்த நைட்டிதான் அம்மா."

பிரிண்ட் வந்ததும் புள்ள கையில குடுத்தார். அது ரொம்ப நேரம் பார்த்துச்சு. அப்புறம் அவர் சட்டையைப் பிடிச்சு இழுத்துச்சு.

"அம்மா துணி எடுக்குதுப்பா. கூப்பிடு."

அவர் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார். ஸ்டூடியோக்காரர் மெஷினை நிப்பாட்டிட்டார்.

இப்பவும் லீவு நாள்ல மலை ஏறுறேன். ஆனா ஓட்டையைச் சுருக்குறதுக்கு முன்னால முழுசாத் திறந்து, வானம் போனாப் போகட்டும்னு, அங்க நிக்கிறவங்க முகத்தை மொதல்ல எடுத்துடுறேன். சூரியனை நாளைக்கும் எடுத்துக்கலாம்.