பிடிக்கலேன்னா நின்னுக்கலாம்

ஜூன் பிறந்தால் எங்கள் தெரு இஸ்திரி வண்டியில் கஞ்சி போட்ட சேலைகள் குவிந்துவிடும். நேற்று அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஆறு வயதாகிவிட்டது. கல்லூரியில் பாடம் நடத்துகிறவளுக்குப் பிறந்தும் ஒரே ஒரு நாள் பள்ளிக்கூடம் போன பெருமை திண்டுக்கல்லில் எனக்கு மட்டும்தான்.

அறுபதுகளில் அம்மாவுக்கு மதுரையில் வேலை. தங்கச்சி பிறந்ததற்கு எடுத்த லீவும் கோடை விடுமுறையும் முடிந்து, அவள் கல்லூரிக்குத் திரும்பவேண்டிய காலை. என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதும் அன்றைக்கே. மொடமொடப்பான சேலையோடு அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, கைக்குழந்தையைக் கீழே விடாமல் அழுதாள். பக்கத்தில் கதவைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

"நான் வேலைய விட்டுர்றேங்க. பிள்ளை பாலில்லாம கெடந்து கத்தும்."

அப்பா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இதுல எதை மொதல்ல இழுத்துட்டுப் போறது? ரெண்டு பேருக்கும் சொல்றேன். இன்னைக்கு ஒரு நாள் போயிட்டு வாங்க. பிடிக்கலேன்னா நாளைக்கு நின்னுக்கலாம்."

எங்களோடு இருந்த அத்தை குழந்தையை வாங்கிக்கொண்டாள். நாங்கள் போனோம்.

பொழுது சாயும்போது அம்மா பஸ்ஸில் கசங்கி வந்து, முகம்கூடக் கழுவாமல் தங்கச்சியை மடியில் போட்டுக்கொண்டாள்.

"என்ன, பிடிச்சுதா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"எனக்குப் பிடிக்கலை," என்று நான் முந்திக்கொண்டேன். வாக்குக் கொடுத்த மனிதர் வேறென்ன செய்வார்? என் படிப்பு அத்தோடு முடிந்தது. இந்த நாலு எழுத்தும் பிற்பாடு அம்மா என் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தது.

அம்மா கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தாள். "ஒண்ணும் தெரியலைங்க. செத்த நேரம் சும்மா உக்காந்தாத்தான யோசிக்க முடியும்? நாளைக்கும் போயிட்டு வந்து சொல்றேன்."

ரிட்டயர் ஆகும்வரை போய்வந்தாள். கடைசிவரை சொல்லவில்லை. அப்பாவும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.