பலகையோரத்து இடம்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கந்தர்வக்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். சனிக்கிழமை பள்ளி அரை நாள்தான். புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் நான் இறங்கும்போது மணி இரண்டு. ஞாயிறு மாலை ஐந்தேமுக்காலுக்குத் திரும்பும் பஸ். ஆக மொத்தம் இருபத்தேழே முக்கால் மணி நேரம். அதற்குள் ஒரு மேட்னி, ஒரு டிபன், ஒரு கச்சேரி, ஞாயிறு பகலில் மெஸ் சாப்பாடு. இதில் எது தள்ளிப்போனாலும் எனக்குத் தலைவலி வந்துவிடும். குடை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பேன். பஸ்ஸில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுவேன். இன்றைக்கும் மாடிப்படியை எண்ணாமல் ஏற எனக்கு வராது.

என்னோடு சேருகிறவர்கள் இருவர். இரண்டு பேரும் புதுக்கோட்டைக் கல்லூரியில் என்னோடு படித்தவர்கள். ஒருவன் கீழராஜ வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். தெருமுனையிலிருந்து பேசினால் மறுமுனைக்குக் கேட்கும் குரல். இரவில் அவன் வீட்டு மாடியில்தான் படுக்கை. இன்னொருவன் தபாலாபீசில் தந்தி வாங்குகிறவன். கருவி டக்டக்கென்று அடிக்கும் சத்தத்தைக் காதால் கேட்டு, அதை எழுத்தாக்கி எழுதுவது அவன் வேலை. கச்சேரியில் அவன் கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டால் முன்வரிசைப் பெரியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். தாளம் தப்பினால் சாப்பாட்டில் கல் கடித்ததுபோல முகம் சுளிக்கிற ஊர் எங்கள் ஊர்.

அந்தப் பங்குனிச் சனிக்கிழமை மேட்னியில்தான் எனக்கு முதலில் உறுத்தியது. சிரிப்புப் படம். கொட்டகை முப்பத்தொரு தடவை சிரித்தது. நான் எண்ணியதற்குக் காரணம் எதுவுமில்லை, எப்போதும் எண்ணுகிறவன்தானே. ஆனால் பக்கத்தில் இருந்த தந்தி நண்பன் இருபத்தாறு தடவை எங்களுக்குப் பின்னால் சிரித்தான். நாங்கள் சிரித்து முடிக்கும் நேரத்தில் ஆரம்பிப்பான். சரியான நேரத்தில் சிரித்தது ஐந்தே தடவை. அந்த ஐந்தும் நடிகர் வழுக்கி விழுந்த இடங்கள், இல்லாவிட்டால் தலையில் பானை கவிழ்ந்த இடம்.

ஹோட்டலுக்குப் போனோம். சர்வர் வந்து பதினாறு பலகாரங்களை ஒரே மூச்சில் சொன்னார். நான் ரவா தோசை என்றேன். ஜவுளிக்கடைக்காரன் பூரி என்றான். தந்தி நண்பன் சர்வர் முகத்தைப் பார்க்காமல் என்னைக் காட்டி, "எனக்கும் அதே" என்றான். போன சனிக்கிழமையும் அதே. அதற்கு முந்தினதும் அப்படித்தான் என்று ஞாபகம் வந்தது. அவனுக்கு ரவா தோசை அவ்வளவு பிடிக்காது என்பதும் ஞாபகம் வந்தது.

"என்ன வாத்தியாரே, தோசையில ஓட்டை எத்தனைன்னு எண்ணுறியா?" என்று ஜவுளிக்கடைக்காரன் கேட்டான். நாலு மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தந்தி நண்பன் இந்த முறை எங்களோடு சேர்ந்தே சிரித்தான். அந்தக் குரல் யாருக்குத்தான் கேட்காது.

கச்சேரி ராமநவமிப் பந்தலில், ஆறு மணிக்கு. பலகை அடித்த மேடை, கீழே ஜமுக்காளம். தந்தி நண்பன் வழக்கமாக இடது ஓரத்தில், மேடைப் பலகையில் தோள் படும்படி உட்காருவான். அங்கிருந்து பாடகர் முகம் தெரியாது, மிருதங்கக்காரரின் முதுகுதான் தெரியும். எனக்கு அந்த இடத்தின் மேல் வெகுநாளாக எரிச்சல். அன்றைக்கு நாங்கள் இருபது நிமிடம் முன்னாலேயே போய்விட்டோம். நான் வரிசைகளை எண்ணி, மூன்றாம் வரிசை நடுவில் மூன்று பேருக்கு இடம் பிடித்தேன். அவன் ஓரத்துக்கே போகிறேன் என்றான். நான் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். இரண்டு வரிசைக்கு முன்னால் அவனுடைய போஸ்ட் மாஸ்டர் உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான்.

முதல் நான்கு பாட்டும் எட்டு எண்ணிக்கைத் தாளம். நன்றாகவே போட்டான். ஐந்தாவதாகப் பாடகர் நெடுநேரம் ராகம் பாடினார். நண்பன் கண்ணை மூடிக்கொண்டான். பாட்டு தொடங்கியது. அவன் ஒரு கண்ணைத் திறந்து, வரிசையில் கைகள் அசைவதைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டு தொடையில் தட்ட ஆரம்பித்தான். எட்டு. பாட்டோ ஏழு எண்ணிக்கை, மிச்ர சாப்பு. எங்கள் வரிசையில் பதினோரு கைகள் ஏழில் விழுந்தன. ஒரு கை மட்டும் எட்டில் விழுந்தது. ஏழு சுற்று வரைக்கும் எண்ணினேன், அதற்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை.

முன்னாலிருந்த பெரியவர் ஒருவர் திரும்பி, "தம்பி, ஒங்க தாளம் வேற ஊருக்குப் போகுது" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். நண்பன் கண்ணைத் திறக்கவே இல்லை. நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். போஸ்ட் மாஸ்டர் திரும்பிப் பார்த்துவிட்டு மேடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சிரிக்கவில்லை.

கச்சேரி முடிந்து ஜவுளிக்கடைக்காரன் கடையைப் பூட்ட முன்னால் போனான். நான் நண்பனின் வலது காதருகே போய், காது கேட்கவில்லையா என்று கேட்டேன். அவன் மறைக்கவில்லை. மூன்று வருஷமாகவே இப்படித்தானாம். கிட்டே வந்து உரக்கப் பேசினால் கேட்கும், கருவியின் டக்டக் கேட்காது. பிறகு தந்தியை எப்படி வாங்குகிறாய் என்றேன். இடது கை விரல்களைக் கருவி இருக்கும் மேசைப் பலகையில் வைத்துக்கொள்வானாம். அதிர்வு விரலுக்கு வரும், வலது கை எழுதும். இதுவரை ஒரு தந்திகூடத் தப்பியதில்லை. மேடைப் பலகையில் சாய்வதும் அதற்காகத்தான். அடுத்த மாதம் திருச்சியில் உடல் பரிசோதனை. காது போயிற்று என்று டாக்டர் எழுதினால் வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அவன் தாயார்.

"நீதாம்ப்பா நடுவுல இழுத்து உக்கார வச்ச. ஜமுக்காளத்துல எனக்கு ஒண்ணும் வராது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று இரவு மாடியில் உத்தரத்தை எண்ணிக்கொண்டே கிடந்தேன். ஒன்பது. ஆனால் கவலையோடு இன்னொன்றும் இருந்தது, இன்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. விடிந்ததும் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு பெஞ்சில் கை வைத்தேன். ஜவுளிக்கடைக்காரனை மறுமுனையில் தட்டச் சொன்னேன். ஐந்து தட்டு வரை பிடித்தேன். ஆறாவது தட்டில் எல்லாம் கலங்கிவிட்டது. எதற்கு இந்த வேலை என்று அவன் கேட்டான். கணக்கு என்றேன்.

ஞாயிறு பகல் பன்னிரண்டரைக்கு மெஸ்ஸில் உட்கார்ந்தோம். நீளமான மர மேசை, ஒரு பக்கத்துக்கு எட்டு இலை. சாம்பார் முடியும் நேரத்தில் போஸ்ட் மாஸ்டர் வந்து எங்கள் எதிர் இலையில் உட்கார்ந்தார். நண்பனின் சோற்றுக் கை நின்றது. அவர் கச்சேரியைப் பற்றிப் பேசவில்லை. வத்தக்குழம்பு வந்தது, ரசம் வந்தது. அவருடைய இடது கை மேசைக்கு அடியில் இருந்தது. திடீரென்று நண்பனின் இடது உள்ளங்கை மேசைமேல் அசையாமல் படிந்தது. பிறகு அவன் விரல் தந்தி மொழியில் பலகையில் தட்டிப் பதில் சொன்னது. போஸ்ட் மாஸ்டர் முகத்தில் லேசான சிரிப்பு.

"என்னடா கேட்டாரு?" என்றான் ஜவுளிக்கடைக்காரன்.

"ரசம் எப்படின்னு. புளிப்புன்னு சொன்னேன்."

போஸ்ட் மாஸ்டர் இலையைப் பார்த்தபடியே, பக்கத்துக்குக் கேட்கும்படி உரக்க, "இப்பக் கைய எடுத்து மடியில வச்சுக்கங்க தம்பி" என்றார்.

நண்பன் எடுத்தான். மேசைக்கு அடியில் மறுபடி தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பதினான்கு. நண்பன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தட்டி முடித்தது அவனுக்குத் தெரியவில்லை, ஆரம்பித்ததும் தெரிந்திருக்காது. அவன் விரல்களில் சோறு காய்ந்தது.

போஸ்ட் மாஸ்டர் மோரை ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார். எழுந்து நண்பன் பக்கமாக வந்து, வலது காதருகே குனிந்தார். "டாக்டர் எழுதுறதுக்கு முன்னாடி நீங்க எழுதிடுங்க. தபால் பிரிக்கிற எடத்துல ஆள் இல்ல, அங்கிட்டு மாத்திக் குடுங்கன்னு கேளுங்க. நாளைக்கே சிபாரிசு பண்ணி அனுப்புறேன். அங்க இருக்கிறவங்களுக்குக் காது பரிசோதனை கெடையாது" என்றார். பிறகு, "தந்தி மேசை போயிரும். அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

நண்பன் தலையை ஆட்டினான். வேலை நிலைத்தது. ஆனால் அவன் இடது கையால் மேசையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்ததை நான் மறக்கவில்லை.

அந்தப் பதினான்கு என்ன செய்தி என்று பஸ் ஏறும்வரை மண்டையைக் குடைந்துகொண்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, முன்சீட்டுக் கம்பியில் நான் கேட்டபடியே தட்டிப் பார்த்தேன். மூன்று, இரண்டு, இரண்டு. மறுபடி மூன்று, இரண்டு, இரண்டு. பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் புரிந்துவிட்டது. அது செய்தியே இல்லை. முந்தின மாலைப் பாட்டின் தாளம். ஏழு, இரண்டு சுற்று. பந்தலில் திரும்பிப் பார்த்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. மெஸ்ஸுக்கு வந்தது உறுதி செய்துகொள்ள மட்டும்.

அடுத்த சனிக்கிழமை நான் இதை நண்பனிடம் சொன்னேன். அவன் தபால் பிரிக்கும் பகுதிக்கு மாறி மூன்று நாள் ஆகியிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை கடிதம் என்று கேட்டேன், அவன் எண்ணவில்லை என்றான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு, அந்தப் பதினான்கைத் தட்டிக் காட்டு என்று கடைப் பலகையில் உள்ளங்கையை வைத்தான். தட்டினேன்.

"இதையா விட்டேன்?" என்றான். இன்னொரு தடவை தட்டச் சொன்னான்.

பாட்டு உனக்குக் கேட்கிறதா, இல்லை வெறும் அதிர்வுதானா என்று நான் கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்து, "கேக்குறதுன்னு சொல்ல மாட்டேன். வருது" என்றான். என்ன வருகிறது, ராகமும் வருகிறதா, தாளம் மட்டுந்தானா என்று அதற்குப் பிறகு பல வருஷம் கேட்டுப் பார்த்தேன். அதே பதில்தான்.

அன்று மாலை பந்தலுக்கு நாற்பது நிமிடம் முன்னதாகப் போனேன். மேடைப் பலகையின் இடது ஓரத்தில் துண்டை விரித்து மூன்று பேருக்கு இடம் போட்டேன். எனக்குப் பாடகரின் முகம் தெரியவில்லை.