நார்வேக்குப் போட்ட மூன்று வரி

போன வாரம் பேத்தி நார்வேயிலிருந்து போனில் ஒரு படம் காட்டினாள். கறுத்த பாறைச் சரிவு. “இதுதான் தாத்தா நீங்க கேட்ட பனியாறு.” பனி எங்கே என்றேன். “உருகி உருகிப் பின்வாங்கி மலை உச்சிக்குப் போயிட்டு தாத்தா.” எனக்கோ அந்தக் காலத்துப் படப் புத்தகத்தின் வழவழத்த தாளும் மை வாசனையும் மூக்கில் ஏறியது.

அறுபதுகளில் எங்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. தில்லியிலுள்ள தூதரகங்களுக்குக் கார்டு போட்டால் வண்ணப்படப் புத்தகம் இலவசமாக வரும். குற்றாலத்தில் லாட்ஜ் கிளார்க்காக இருந்த நான் அதில் மன்னன். “இதெல்லாம் அருவியா? நார்வேயில பாக்கணும்” என்று, முந்தாநாள்தான் அங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் போல அளப்பேன். நான் போன தூரதேசம் மதுரை. அதுவும் மூலத்துக்கு வைத்தியம் பார்க்க.

எனக்குத் ‘தொரை’ என்று பட்டம் வைத்து எல்லோரும் சிரிப்பார்கள். நம்பியவன் மீரான் ஒருவன்தான். கடையநல்லூர்த் தறிக்காரன், சீசனில் தான் நெய்த துண்டுகளை அருவிக்கரையில் விற்க வருவான்.

“ஏலே தொரை, ராத்திரியும் சூரியன் எரியுதுன்னா நோன்பு எப்பலே தொறப்பான்?”

“தொறக்கவே மாட்டான். அதாம்லே அங்கன எல்லாவனும் ஒல்லியா இருக்கான்.”

நார்வே புத்தகத்தில் பனியாறு, எண்ணூறு வருஷத்து மரக்கோயில் எல்லாம் தாண்டி ஒரு பக்கத்தில் அவன் விரல் நின்றது. மியூசியத்தில் ஒரு தறி.

“நம்ம தறிதாம்லே! இங்கன இதுல கெடந்து சாவுதோம். அங்கன காட்சிக்கு வச்சிருக்கான். நெய்ய ஆள் வேணுமான்னு கேட்டு எழுதுலே.”

விளையாட்டென்றுதான் நினைத்தேன். ஆனால் மறுநாள், பினாங்கிலிருந்து வந்திருந்த அவன் மாமா தன் கடைக்கு வேலைக்குக் கூப்பிட்டதை மறுத்துவிட்டு வந்தான். “அங்கன போய் பொட்டலம் கட்டவா? நார்வேக்காரன் பதில் வரட்டும்.”

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் இங்கிலீஷ் மொத்தமே மூன்று வரி. லாட்ஜில் தங்கிய வாத்தியார் ஒருவர் எழுதிக் கொடுத்தது: ஐயா, தங்கள் நாட்டின் பண்பாடு, சரித்திரம், இயற்கைக் காட்சிகள் பற்றிய புத்தகத்தை இலவசமாக அனுப்பவும். நாட்டின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வேன். வேலை கேட்க அதில் வரி இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தொரை சொல்வாரா? அதையே எழுதி, கீழே மீரான் பெயரைப் போட்டேன். அவன் பிஸ்மி சொல்லித் தபால் பெட்டியில் போட்டான்.

மாமா கப்பலேறிப் போனார். ஒரு மாதம் கழித்து மீரான், சாரலில் நனையாமல் சட்டைக்குள் கவரை வைத்துக்கொண்டு ஓடி வந்தான். பிரித்தால் அதே புத்தகம். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். கடுதாசி விழுமோ என்று தலைகீழாக உதறினான்.

“ஒண்ணும் எழுதலயேலே.”

நான் லாட்ஜ் ரெஜிஸ்டரைத் திறந்து கோடு போட ஆரம்பித்தேன்.

“நல்ல மனுசன் போல. இல்லன்னு சொல்ல மனசு வராம படத்த அனுப்பிருக்கான்.”

“ஆமாலே” என்றேன். வாழ்நாளில் நான் சொன்ன மிகக் கேவலமான சொல் அது.

மில் துண்டுகள் வந்த பிறகு அவன் அருவிக்கு வருவது நின்றது. தறிக்குழியிலேயே இருமி இருமி இளைத்துப் போனான். கடைசியாகப் பார்க்கப் போனபோது, சுவரில் அந்தத் தறிப் படத்தை ஒட்டி வைத்திருந்தான். அப்போதும் நான் சொல்லவில்லை.

மீரான் இல்லை. நான் பார்க்க ஆசைப்பட்ட பனியும் இல்லை. அந்த மூன்று வரி மட்டும் எனக்கு இன்னும் ஒரு எழுத்து பிசகாமல் மனப்பாடம்.