சுமைக்காரன் கேட்ட வரம்

கஸ்பார் திண்டுக்கல் காய்கறி மண்டியில் எடை போடுகிறவர். விவசாயி கெஞ்சினாலும் சரி, வியாபாரி முறைத்தாலும் சரி, முள் நடுவில் நிற்காமல் தராசிலிருந்து கையை எடுக்க மாட்டார். இந்தப் பிடிவாதத்தை மண்டியோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கும் கொண்டு வந்தார், அதுதான் வினை.

தொண்ணூற்று நாலில், கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய ஆட்டப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பலகையும் கிடையாது, காயும் கிடையாது. தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று, இருபது முகம் உள்ள பகடை ஒன்று. ஆளுக்கு ஒரு பாத்திரமாக உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்லிக்கொண்டு போக, மற்றவர்கள் தங்கள் ஆள் இன்னது செய்கிறான் என்பார்கள். அது பலிக்குமா என்று பகடை சொல்லும்.

புத்தகத்தில் இருந்த மந்திரவாதிகளும் குள்ளர்களும் நாகல் நகர் வீட்டு மொட்டை மாடிக்கு ஒட்டவில்லை. கஸ்பார் அவர்களைத் தள்ளிவிட்டு, ஊருக்குப் பக்கத்துச் சிறுமலையை வைத்துத் தாமே ஆட்களைப் படைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு வரம், அதற்கு ஈடாக ஒரு குறை. மழையை முந்தின நாளே மோந்துவிடுகிற பெண்ணுக்கு மனிதர் முகம் நினைவில் நிற்காது. கரடியோடு பேசுகிறவனுக்குப் பொய் சொல்ல வராது. தக்க குறை அமையும்வரை சோற்றில் கை வைத்தபடி யோசித்துக்கொண்டே இருப்பார். பெரிய பிரம்மா என்று நினைப்பு.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஆட்டம். பால்ய சிநேகிதர் ஆண்டனிராஜ், அவர் மனைவி லிடியா, பக்கத்து வீட்டுப் பிரபு, இவ்வளவுதான் கூட்டம். ஆண்டனிராஜ் பள்ளிக்கூட எழுத்தர், காற்றடித்தால் சாய்கிற உடம்பு. அவருக்குக் கஸ்பார் கொடுத்தது ஒரு சுமைக்காரனை. எவ்வளவு பாரமானாலும் மலைக்கு ஏற்றுவான், அது வரம். போய்ச் சேரும்வரை இறக்கி வைக்க முடியாது, அது குறை. ஆண்டனிராஜுக்கு அவன்மேல் உயிர். மற்ற இருவரும் தங்கள் மூட்டைகளையும் அவன் தலையில் கட்டி, வருஷக்கணக்கில் மலையேறினார்கள்.

இரண்டாயிரத்து மூன்றில் ஆண்டனிராஜுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாயின. டயாலிசிஸுக்கு மதுரைக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. போய்வந்த மறுநாள் எழுந்து நிற்கவே சுவரைப் பிடிப்பார். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மட்டும் விடவில்லை.

அப்படி ஒரு ஞாயிறு, பகடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "மாப்ளே, சுமைக்காரனுக்கு இன்னொரு வரம் குடேன். நடுவழியில செத்த நேரம் இறக்கி வச்சுட்டு உக்காந்துக்கிறட்டும்."

லிடியா தலையைக் குனிந்துகொண்டாள். பிரபு கஸ்பாரின் தொடையில் தட்டினான். நம் ஆளுக்கு உறைக்கவில்லை. குறையை எடுத்துவிட்டால் வரத்துக்கு என்ன மதிப்பு, ஒருத்தனுக்குச் சும்மா கொடுத்தால் மற்றவர்கள் ஆடுவது ஆட்டமா என்று நியாயம் பேசினார். வாரம் முழுக்க யோசித்து, அடுத்த ஞாயிறு பெருமையோடு தீர்ப்புச் சொன்னார். இறக்கி வைக்கலாம், ஆனால் இறக்கிய சுமையை மறுபடி தூக்க முடியாது.

ஆண்டனிராஜ் சரி என்றார். அன்று கதையில் பாதி மலை ஏறியிருந்தார்கள். ஆபத்து எதுவும் இல்லை, பகடைக்கும் வேலை இல்லை.

"இறக்கி வச்சுட்டேன்," என்றார். "உக்காந்துட்டேன்."

யோசித்துத்தான் சொல்கிறாரா என்று கஸ்பார் கேட்டார். ஆண்டனிராஜ் சுவரில் சாய்ந்துகொண்டார். மற்ற இருவரும் அவரை விட்டுவிட்டு மேலே ஏறினார்கள்.

அந்த வாரம் அவர் மதுரை பஸ் ஏறவில்லை. லிடியா அழுது பார்த்தாள், பங்குச் சாமியார் வந்து பேசிப் பார்த்தார். போதும் என்ற ஒரே சொல்தான் பதில். கஸ்பார் மண்டியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். கட்டிலோரம் உட்கார்ந்து, தான் சொன்னது தப்பு, சட்டத்தை மாற்றிவிட்டேன், இறக்கியதை எப்போது வேண்டுமானாலும் தூக்கலாம் என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

ஆண்டனிராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உக்காந்திருக்கிறது நல்லாத்தான்டா இருக்கு," என்றார்.

தவக்காலம் முடிவதற்குள் அவரை அடக்கம் செய்தார்கள்.

ஒரு ஆட்டத்தினால் யாரும் சாக மாட்டார்கள். பிரபு சொன்னான், சாமியார் சொன்னார், கஸ்பாருக்கும் தெரியும். தெரிந்து என்ன, தூக்கம் வரவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு வந்த லிடியாவைக் கோவில் வாசலில் நிறுத்தி, என்னாலதான் போனானா என்று கேட்டேவிட்டார்.

லிடியா அவரை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை, களைத்திருந்தாள்.

"மதுரைக்குப் போக மாட்டேன்னு அவரு முன்னாடியே முடிவு பண்ணிட்டாருண்ணே. அது உங்களால இல்ல. வெளையாட்டுலயாவது செத்த நேரம் சும்மா உக்காரணும்னுதான் உங்ககிட்ட கேட்டாரு. அதுக்கும் ஈடு கேட்டீங்களே."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் உள்ளே போனாள். பூசை முடிந்து கூட்டம் கலையும்வரை கஸ்பார் வாசலிலேயே நின்றார்.